பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்

மார்ச் 4, செவ்வாய்

அறிவியல் தேர்வு நன்றாக எழுதினேன். ஒளிவிலகல் படம் மட்டும் கொஞ்சம் கோணல்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தன் போனை என்னிடம் நீட்டினார். "இந்தா, இனிமே நீதான் நம்ம வீட்டு கப்பல் அமைச்சர். எனக்கு இந்த ஆப்பைத் திறந்தாலே தலை சுத்துது."

மே மாதம் நாங்கள் போகப்போகும் கப்பல் ஒரு சின்ன ஊர் அளவு இருக்கிறது. ஏறியபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒன்றும் கிடைக்காதாம். இசை நாடகம், உயரத்திலிருந்து குளத்தில் குதிக்கும் வித்தை, ஐஸ் ஷோ என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். சாப்பாட்டுக்கும் அப்படித்தான். பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் முதல் அமர்வு, இரண்டாம் அமர்வு. ("பந்தின்னு சொல்லேன்" என்கிறார் அப்பா.) அது போக, தனியாகப் பதிவு செய்ய வேண்டிய உணவகங்கள் வேறு. தளவாரியான வரைபடம் முழுவதையும் படித்துவிட்டேன். கப்பலின் வயிற்றுக்குள் ஒரு பனித்தரை! கீழே கடல், மேலே பனி, அதன்மேல் சறுக்கி ஆடும் மனிதர்கள். நம்பமுடியாமல் இன்னொரு தடவை படித்தேன்.

அப்பா அம்மாவுக்கு ஓர் அறை. எனக்கும் அக்காவுக்கும் ஓர் அறை. கல்லூரி ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து அவள் வருவதும் போவதுமாகவே இருக்கிறாள். வந்தாலும் பாதி நேரம் தூங்குகிறாள். ஒரு வாரம் முழுசாக எனக்கு எப்போது கிடைத்தாள்?

மார்ச் 9, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். அவளுடைய ரூம்மேட்டும் கப்பலுக்கு வருகிறாளாம்.

கேட்கவில்லை. சொன்னாள். "நம்ம ரூம்ல மூணாவது படுக்கை சும்மாதானே இருக்கு?" என்றாள். சும்மா இருப்பதெல்லாம் நிரப்பப்பட வேண்டுமா என்ன?

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாவம், அந்தப் பொண்ணு. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம்னு பிரிஞ்சிட்டாங்க. லீவு விட்டா போறதுக்கு ஒரு இடமில்ல. விருந்தாளியா வரட்டுமே."

சரி. இனி இந்த நோட்டில் அவள் பெயர் விருந்தாளி.

மார்ச் 12, புதன்

இன்று மட்டும் அம்மா வாயிலிருந்து எத்தனை 'பாவம்'! ஒன்றுகூட எனக்கு இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

வீடியோவில் அக்கா வந்தாள். முடியைத் தோள்வரை வெட்டியிருக்கிறாள். பின்னாலிருந்து விருந்தாளி எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அதே வெட்டு. யார் யாரைப் பார்த்து வெட்டிக்கொண்டது என்று நான் கேட்கவில்லை. ஆனால் தெரியும்.

அதுவாவது போகட்டும். விருந்தாளி கையை ஆட்டி, "ஹாய் எலி!" என்றாள்.

எலி! சின்ன வயதில் புத்தக அலமாரிக்கு அடியில் புகுந்து படித்துக்கொண்டிருப்பேன் என்பதால் அக்கா எனக்கு வைத்த பெயர் அது. அப்பாகூடக் கூப்பிடமாட்டார். எங்கள் இருவரைத் தாண்டி வெளியே போகாத பெயர், யாரோ ஒருத்தியின் வாயிலிருந்து வருகிறது!

இன்னொன்று கவனித்தேன். அக்கா பேச்சுக்குப் பேச்சு "அதானே!" என்கிறாள். இது அவள் சொல் இல்லை. விருந்தாளி பேசியபோது தெரிந்தது எங்கிருந்து வந்தது என்று.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். அம்மா, "என்னடி, காதுல புகை வருது?" என்றாள். வரலாற்றுத் தேர்வு இருக்கிறது என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

சாப்பாட்டு மேசை விவகாரம். சமையல்காரர் நம் கண்ணெதிரே முட்டையைத் தூக்கிப் போட்டுப் பிடித்துச் சமைக்கும் ஓர் உணவகம் இருக்கிறது. நான்கு பேராக இருந்தபோது மேசை காலியாக இருந்தது. ஐந்து என்று மாற்றினால், 'இந்த எண்ணிக்கைக்கு மேசை இல்லை' என்கிறது. ஆப்புக்கே புரிந்திருக்கிறது!

அப்பாவிடம் ஓடினேன். "பாருங்க, அஞ்சு பேருக்கு இல்லவே இல்லை."

"மூணும் ரெண்டுமா பிரிச்சுப் போடு. நானும் உங்கம்மாவும் தனியா உக்காந்துக்கறோம். ரெண்டாவது தேனிலவு."

"முதலாவது எங்க போனோம்? உங்க அத்தை வீட்டுக்கு!" என்று சமையலறையிலிருந்து அம்மா.

அப்படியே போட்டேன். மூன்று பேர் மேசையில் அக்கா நடுவில் உட்கார்ந்தால் பரவாயில்லை. விருந்தாளி நடுவில் உட்கார்ந்தால்?

ஏப்ரல் 5, சனி

இன்று காலை ஷோக்களுக்கு முன்பதிவு திறந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாடகம் ஐந்து பேருக்கும் கிடைத்தது. குளத்தில் குதிக்கும் வித்தையும் கிடைத்தது. முன்வரிசை வேண்டாம், தண்ணீர் தெறிக்கும் என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்து, நடுவரிசையில் போட்டேன். பெருமையாக இருந்தது. ஐஸ் ஷோவைத் தொடும்போது அக்காவிடமிருந்து செய்தி வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"கடைசி நாள் ஐஸ் ஷோவுக்கு ரெண்டே ரெண்டு சீட் போடு. பக்கத்துப் பக்கத்துல. தனியாப் போகணும். அம்மா அப்பாகிட்ட மூச்சு விடாதே. படிச்சதும் அழிச்சிடு."

தனியாகப் போகணும். யார்? வாக்கியத்தில் எழுவாய் இல்லை. தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம், தோன்றா எழுவாய் — எழுதாவிட்டாலும் யாரென்று புரிந்துவிடும். எனக்குப் புரிந்துவிட்டது.

என்னையே போடச் சொல்கிறாளே! கல்யாணத்துக்கு அழைக்காதவளிடமே பத்திரிகையைக் கொடுத்துப் பெயர் எழுதச் சொல்வதுபோல.

ஏமாற்றியிருக்கலாம். இடமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் நான் அமைச்சர். அக்கா பெயரையும் விருந்தாளி பெயரையும் போட்டேன். பனித்தரையை ஒட்டிய இரண்டாவது வரிசை. கப்பலிலேயே அதைவிட நல்ல இடம் கிடையாது. வயிறு எரிய எரியப் போட்டேன். எனக்கு ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்குக் கப்பல் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பேன். ஏழாம் தளத்தில் இருக்கிறது.

அக்காவுக்கு 'போட்டாச்சு' என்று மட்டும் அனுப்பினேன். பதிலுக்கு இதயம் அனுப்பினாள். இதயமாம்!

ஏப்ரல் 6, ஞாயிறு

யாரோடு போகிறாய் என்று கேட்டுவிடலாமா? கேட்டால் பதில் வரும். வந்த பதிலைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். வேண்டாம்.

மே 10, சனி

கப்பலில் எழுதுகிறேன். கூரையிலிருந்து கீழே இறங்கும் படுக்கையில்! அதைப் பிடித்து இறக்கிவிட்ட பணியாள், "இதில் யார்?" என்று கேட்டார். அக்காவும் விருந்தாளியும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள். கீழே இரண்டு கட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில். மேலே நான், லக்கேஜ் மாதிரி. திரும்பிப் படுத்தால் மூக்கு கூரையில் இடிக்கிறது.

கீழே இருவரும் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். என்னைப் பற்றி இல்லை. என்னைப் பற்றி இருந்தால்கூடத் தேவலை.

மே 12, திங்கள்

முட்டை உணவகம். விருந்தாளி தானாகவே ஓர நாற்காலியில் உட்கார்ந்து, "நீ நடுவுல உக்காரு எலி, அங்கேர்ந்துதான் நல்லாத் தெரியும்" என்றாள். சமையல்காரர் வீசிய காய்த்துண்டை வாயால் பிடித்தாள். மேசையே கைதட்டியது. அடுத்த மேசையிலிருந்து அப்பா விசில் அடித்தார். என் அப்பா! பள்ளி ஆண்டுவிழாவில் நான் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியபோதுகூட விசில் அடிக்காதவர்.

எனக்கு வீசியது கண்ணாடியில் பட்டது.

அவள் உடனே தன் கைக்குட்டையால் என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். நல்லவளாக இல்லாமலாவது இருக்கக்கூடாதா? அப்படியிருந்தால் என் வேலை எவ்வளவு சுலபம்.

மே 14, புதன்

அலை அதிகம். விருந்தாளிக்கு வாந்தி. அக்கா நாள் முழுக்க அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கொஞ்சம் வாந்தி வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை.

மே 16, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சாயங்காலம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பினேன். அக்கா நீல உடையில், காதில் தொங்கட்டானுடன் வாசலை மறித்து நின்றாள்.

"என்னடி இன்னும் டிரஸ் மாத்தல? ஷோவுக்கு நேரமாச்சு."

"எனக்கென்ன ஷோ?"

"ஐஸ் ஷோடி. ரெண்டு சீட் போடச் சொன்னேன்ல?"

"போட்டிருக்கேன். உனக்கும் உன் ஃப்ரெண்டுக்கும்."

அக்கா என் கையிலிருந்த அப்பாவின் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அடி மக்கு! ரெண்டு பேருன்னா நீயும் நானும்டி. வேற யாரு?"

வேற யாரு. அவளுக்கு அது எழுத வேண்டிய அவசியமே இல்லாத சொல்லாக இருந்திருக்கிறது. நான்தான் அந்த இடத்தில் இன்னொருத்தியை உட்கார வைத்தேன். நானாகவே! இரண்டாவது வரிசையில்!

விருந்தாளி தலையைத் துவட்டிக்கொண்டே குளியலறையிலிருந்து வந்தாள். எங்கள் அம்மா அப்பாவுடன் அவள் பாட்டுக் கச்சேரிக்குப் போவதாக இருந்தது. "என் பேர்ல சீட்டா? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே! உடனே கேன்சல் பண்ணு, அதே சீட்டை உன் பேர்ல போட்டுடலாம்."

கேன்சல் செய்தேன். போனில் வட்டம் சுற்றியது. சுற்றி முடிந்தபோது 'இடமில்லை' என்று வந்தது. அந்தச் சின்ன இடைவெளியில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"எவனோ வாயைப் பிளந்துட்டு காத்துட்டே இருந்திருக்கான்" என்றாள் விருந்தாளி.

பதிவு செய்யாதவர்கள் வெளியே வரிசையில் நிற்கலாம், கடைசியில் காலியிருந்தால் உள்ளே விடுவார்கள். மூவரும் ஓடினோம். விருந்தாளி ஈரத்தலையுடன் வந்தாள். யாரும் வரச்சொல்லவில்லை. வரிசை படிக்கட்டுவரை வளைந்து நின்றது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பிடித்து எவ்வளவு நாளாயிற்று. அந்த நிமிடம் ஷோ கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட இருந்தது.

அப்போதுதான் விருந்தாளி, பேச்சுக் கொடுக்க என்று நினைக்கிறேன், சொன்னாள். "ஜூன்லேர்ந்து அந்த ரூம்ல நான் ஒருத்தியா என்ன பண்ணப்போறேனோ. இவ பாட்டுக்கு வேலைன்னு கடல் தாண்டிப் போயிடறா."

அக்காவின் கை என் கைக்குள் இறுகியது.

"ஐயோ — இன்னும் சொல்லலையா நீ?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "இன்னிக்கு உள்ள உக்காந்து சொல்லணும்னு இருந்தேன். அம்மா அப்பாவுக்குக்கூட நாளைக்குத்தான். உனக்குத்தான் முதல்ல."

"முதல்ல இல்ல. அவளுக்குத் தெரிஞ்சிருக்கே."

"வேலை லெட்டர் வந்தப்போ அவ ரூம்ல இருந்தாடி. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ரூமில் இருந்தாள். நான் இல்லை. எங்கே போகிறாய், எத்தனை வருடம் என்று ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. ஒரே ஒரு எண்ணம்தான் — அவள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட் கேட்டது இதற்காக. என் சீட்டை நான் இன்னொருத்திக்கு எழுதிக் கொடுத்தேன்.

கதவடியில் நின்றவர், பதிவு செய்தவர்கள் இப்போது உள்ளே வராவிட்டால் இடம் போய்விடும் என்று அறிவித்தார். அக்கா மாட்டேன் என்றாள். விருந்தாளி அவளைத் தள்ளிவிட்டாள். "போடி, இருக்கறதையாவது காப்பாத்து. எலியை நான் பாத்துக்கறேன்."

பிறகு அந்த ஆள் வரிசையைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக வந்தவர்கள். ஒற்றை இடத்தை வாங்க யாரும் பிரியவில்லை. முதுகில் ஒரு கை என்னை முன்னால் தள்ளியது. திரும்பிப் பார்ப்பதற்குள் கதவு மூடிவிட்டது.

என் இடம் தூணை ஒட்டி இருந்தது. அக்கா நேர் எதிரே, பனித்தரைக்கு அந்தப் பக்கம், இரண்டாவது வரிசையில். அவள் பக்கத்தில் ஒரு தாத்தா பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு நடுவில் வெள்ளி உடுப்பில் யார் யாரோ சுழன்றார்கள், தாவினார்கள், கூட்டம் ஆவென்றது. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. அவர்கள் விலகும் போதெல்லாம் அக்காவைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ வாயசைத்தாள். 'சாரி' என்றாளா, 'சூப்பர்' என்றாளா, இவ்வளவு தூரத்தில் எப்படித் தெரியும்?

வெளியே வந்தபோது விருந்தாளி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். முடி காய்ந்திருந்தது. "எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"நல்லா இருந்துச்சு" என்றேன். தேங்க்ஸ் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மே 17, சனி

காலைச் சாப்பாட்டில் அக்கா சொன்னாள். அம்மா அழுதாள், பிறகு எல்லா மேசைக்கும் கேட்கும்படி பெருமைப்பட்டாள். அப்பா என்னிடம், "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

தெரியும் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

வழியனுப்பிவிட்டு வந்தோம். விருந்தாளியும் வந்திருந்தாள். அக்கா முதலில் அவளைக் கட்டிக்கொண்டாளா, என்னையா? என்னை. கவனித்து வைத்தேன். ஆனால் அவளைக் கட்டிக்கொண்டபோதுதான் அதிக நேரம். அதையும் கவனித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

கணக்கு வீட்டுப்பாடம் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவின் போனுக்கு விருந்தாளியிடமிருந்து செய்தி வந்தது. எனக்குத்தான்.

"எப்படி இருக்கே? புது ரூம்மேட் வந்திருக்கா, பேசவே மாட்டேங்கறா. உங்கக்கா எனக்குப் பதிலே போடறதில்ல. உனக்காவது பேசறாளா?"

பேசுகிறாள். தினமும், நான் பள்ளியிலிருந்து வரும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுகிறாள். நேற்று வீட்டுக்காரம்மாவின் பூனையைப் பற்றியே அவ்வளவு நேரம். இதை ஒருநாள் இவளிடம் சொல்லவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன்! 'தினமும் பேசறா' என்று அடித்தேன்.

அழித்தேன். 'எங்களுக்கும் அப்படித்தான். அங்க வேலை பெண்டை நிமித்துதாம்' என்று எழுதி அனுப்பினேன்.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த அம்மா, "ஏண்டி இப்படிப் புளுகறே?" என்றாள். சும்மா இரும்மா என்றேன்.

உடனே பதில் வந்தது. "அப்பாடா. எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்."

அக்கா இன்று கூப்பிடட்டும். நன்றாகக் கேட்கப்போகிறேன் — ஒரு பதில் போட உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?