அழைப்பிதழைத் திறந்தவர்கள்

10 மார்ச் 2026, செவ்வாய்

பினாங்குத் தீவிலுள்ள அலுவலகத்துக்குப் போக பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறும்போதே நூர்ஜான் அக்காவின் அழைப்பு. "கீர்த்தி, பார்சல் வந்திருக்குன்னு ஒரு ஈமெயில் லா. நான் ஒண்ணும் வாங்கலையே. வந்து பாரேன்." இந்த மாதத்தில் இது ஆறாவது. நோன்பு நேரத்திலும் விடமாட்டார். எங்கள் மாநில அரசு அலுவலகத்தின் முகப்பில் இருபத்தாறு வருட எழுத்தர். சந்தேகமான மின்னஞ்சலை எங்கள் பாதுகாப்புப் பிரிவுக்கு அதிகம் சொல்பவர் அவர்தான். எரிச்சலோடு போய்ப் பார்த்தேன். மோசடிதான்.

மதியம் மாநில இணையப் பாதுகாப்புக் கொள்கையின் வரைவு வேலை. பதினான்காம் பிரிவு நான் எழுதியது: தவறு செய்தவர் உடனே சொன்னால் பெயர் வெளிவராது, நடவடிக்கையும் இல்லை. அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப பயமில்லாம சொல்லலாம்" என்றார். ஆமாம் என்றேன்.

30 மார்ச், திங்கள்

யார் ஏமாறுகிறார்கள் என்று பார்க்க ஊழியர்களுக்குப் போலியான சோதனை மின்னஞ்சல் போய்விட்டது. பாயான் லெப்பாஸிலுள்ள இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று இலவசமாகச் செய்து தந்தது. வாசகம் பாலிடெக்னிக் மாணவர்களுடையது. இயக்குநர் கமாலுதீன் சார் வீட்டில் பெருநாள் திறந்த இல்ல உபசரிப்பு, எத்தனை பேர் வருகிறீர்கள், அலுவலகக் கடவுச்சொல்லைப் போட்டு உறுதி செய்யவும். கெட்டிக்காரப் பிள்ளைகள்.

31 மார்ச்

212 பேரில் 71 பேர் விழுந்திருக்கிறார்கள். பெருநாள் மாதத்தில் பாஸ் கூப்பிட்டால் யார் வரமாட்டேன் என்பார்கள்? பதில் போடாவிட்டால் மரியாதையா? நூர்ஜான் அக்காவும் இருக்கிறார். "நாங்கள் நான்கு பேர் வருகிறோம், இன்ஷா அல்லாஹ்" என்று எழுதி, கடவுச்சொல்லையும் போட்டிருக்கிறார்.

2 ஏப்ரல்

கமாலுதீன் சார் பெயர்ப் பட்டியல் கேட்டார். பதினான்காம் பிரிவை நினைவூட்டினேன். "அது இன்னும் வரைவுதானே. பேரைப் போட்டாத்தான் பயம் வரும்."

கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன்? பதவி உயர்வுக்கு அவர் கையெழுத்து வேண்டும். அவ்வளவுதான். வேறு காரணம் தேடாதே, கீர்த்திகா.

3 ஏப்ரல், வெள்ளி

கூட்ட அறைத் திரையில் 71 பெயர்கள் — நிறுவனத்தார், மாணவர்கள் எல்லோர் முன்னாலும். அக்கா எழுதியதை சார் உரக்க வாசித்ததும் ஒரே சிரிப்பு. அக்காவும் சிரித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

17 ஏப்ரல்

இரண்டு வாரமாக அக்காவிடமிருந்து ஓர் அழைப்புகூட இல்லை.

18 மே, திங்கள்

கோப்புகள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. எந்தக் கணினியைத் திறந்தாலும் மிரட்டல் வாசகம். காப்பு நகலும் போய்விட்டது. சுங்கை பினாங் மக்களின் எட்டு மாத வீட்டு விண்ணப்பங்கள் அதில்தான் இருந்தன. முகப்பில் வரிசை நிற்கிறது, பதில் சொல்ல ஆளில்லை.

தடம் பிடித்துப் போனோம். வியாழக்கிழமை காலை 10.12, முகப்பில் அக்காவின் கணினி, அவர் திறந்த ஒரு மின்னஞ்சல். அப்போதே சொல்லியிருந்தால் அந்த ஒரு கணினியின் வயரைப் பிடுங்கியிருந்தாலே போதும். நான்கு நாள்!

"ஏங்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் ஃபோன எடுத்தேன். எடுத்துட்டு வச்சிட்டேன் லா. திரும்பவும் பேரைப் போட்டு வாசிப்பீங்கன்னு..."

கழிவறைக்குள் போய் அழுதேன். என்ன மனுஷி நான்? பயமில்லாம சொல்லுங்கன்னு சொன்னதும் நான், பட்டியலைத் தூக்கிக் கொடுத்ததும் நான்.

5 ஜூன், வெள்ளி

அக்காவைத் தாசேக் கெலுகோர் கிளை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் பதவி உயர்வுக் கடிதமும் இன்றுதான் வந்தது.

15 ஜூலை, புதன்

கொள்கை வெளியீட்டு விழா. நிறுவனத்தோடு மூன்றாண்டு ஒப்பந்தம், பாலிடெக்னிக்கில் புதிய பாடம், மாலை, புகைப்படம். பதினான்காம் பிரிவு ஒரு சொல்கூட மாறாமல் அச்சாகியிருக்கிறது.

கடைசியாக கமாலுதீன் சார் திரையில் ஒரு கணக்கைக் காட்டினார். ஊழியர்கள் அறிவித்த சந்தேகச் சம்பவங்கள்: மார்ச்சில் முப்பத்தெட்டு, ஜூனில் பூஜ்யம்.

"பயிற்சி எவ்வளவு வேலை செஞ்சிருக்கு, பாருங்க."

இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு மாதம் முழுக்க ஒருவருக்குக்கூட சந்தேகமாக ஒரு மின்னஞ்சல் வரவில்லையாம்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.