ஈறில் தெரிந்த சிவப்பு

குற்றாலத்தில் இன்று ஒரு குரங்கு என் கையிலிருந்த சிப்ஸ் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு பல்லைக் காட்டியது. பக்கத்தில் நின்றவர்கள் பதறி விலகினார்கள். நான் மட்டும் அதன் ஈறில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இந்தப் பழக்கம் உன்னால் வந்தது.

ஐதராபாத் ஆய்வுக்கூடத்தில் நீ கால்நடை மருத்துவர், நான் ரத்தப் பரிசோதனைப் பிரிவு. மேலகரத்துக்காரியும் தென்காசிக்காரியும் ஒரே இடத்தில் சேர்ந்ததில் கேண்டீனுக்கே காது வலித்தது. நாம் சோதித்த ஆன்டிசென்ஸ் மருந்து, உடம்பு கெட்ட புரதத்தைச் செய்யுமுன் அதற்கான உத்தரவை மறிப்பது. உன் அப்பாவின் கால்களை மரக்கவைத்து, கடைசியில் இதயத்தையும் பிடித்த பரம்பரை நோய்க்கானது. வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும் என்று குரங்குகளுக்கு மெல்ல மெல்ல ஏற்றினோம். வாரக்கணக்கில் எல்லாம் நன்றாகவே போனது. அப்படிப் போவதே எனக்குப் பயமாக இருந்தது.

இடையில் லீவுக்கு ஊர் வந்து ஐந்தருவிக்குப் போனோம். ஈரப் படியில் உன் செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடந்தது. நீ தெரியாமல் நடந்துகொண்டே இருந்தாய். நான் கூப்பிட்டதும் திரும்பி, முதலில் செருப்பையும் பிறகு உன் காலையும் பார்த்தாய். உன் அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிய வாரம், ஒரு குரங்கின் ரத்தத்தில் தட்டணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள் அவை. ட்யூபில் ரத்தம் கட்டிப்போனாலும் எண்ணிக்கை இப்படித்தான் காட்டும். நம் தொழிலில் எல்லோரும் முதலில் சொல்வதும் அதைத்தான். நானும் சொன்னேன். நீ என்னைக் கூண்டருகே இழுத்துப் போனாய்.

"ஏட்டி, ட்யூப்ல தப்பில்ல. ஈறைப் பாரு, ரத்தம் கசியுது. நிப்பாட்டச் சொல்லப் போறேன்."

"உனக்கு வேற மருந்து வரும்னு நெனைக்கியா?"

"மனுசங்களுக்கு ஏத்தினா மூளையில கசியும்லா. எனக்கு வேணும்ங்கதுக்காக கண்ண மூடிக்கிடச் சொல்லுதியா?"

மருந்து நின்றது. அடுத்த மருந்து வரும்வரை உன் இதயம் காத்திருக்கவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். நீ செய்தது சரி என்பதால் அது குறையவில்லை.

இன்று என்னை அருவிக்கு அழைத்து வந்தவன் உன் தம்பி. அப்பாவைப் போல உயரம், உன்னைப் போல ஓயாத பேச்சு. அடுத்த மாதம் கல்யாணம், பெண்ணுக்கு ஊர் பண்பொழி என்று சொல்லிக்கொண்டே முன்னால் போகிறான். படியில் அவன் செருப்பு ஒன்று கழன்று கிடக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நடக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.