தெரியாது என்று சொன்ன அம்மா

செவ்வாய்க்கிழமை, இரவு

உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. தங்கை வீட்டுக்காரர் சலீமைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போய் வந்தேன். கம்பெனியில் பாய்லர் வெடித்து, பக்கத்தில் நின்ற நண்பர் இறந்ததிலிருந்து மச்சானுக்குச் சரியான தூக்கமில்லை. கதவு அறைந்தாலே தெருவுக்கு ஓடிவிடுகிறார். கடலூரில் முதலில் பார்த்த டாக்டர் மாத்திரை மட்டும் எழுதினார். அடுத்தவர் எடுத்த எடுப்பிலேயே நடந்ததையெல்லாம் சொல்லச் சொன்னார். அன்று முழுக்க மச்சானுக்கு நடுக்கம் நிற்கவில்லை.

அதனால் இன்று பார்த்த மனநல கவுன்சிலர் அம்மாவிடம் நேராகவே கேட்டேன்.

"இந்த மாதிரி விபத்துல மனசு ஒடைஞ்சவங்களைப் பாக்குறதுக்குன்னு படிச்சிருக்கீங்களா?"



"விபத்து அதிர்ச்சிக்கும் பாக்குறோம்னு போர்டுல போட்டிருக்கோம். ஆனா அதுக்குன்னு நான் தனியா படிக்கலைங்க. அரைகுறையா கிளறிவிட்டா இவருக்குத்தான் கஷ்டம் ஜாஸ்தி."

பாண்டிச்சேரியில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவரிடம் அவரே போனில் பேசி நேரம் வாங்கித் தந்தார்.

இன்னொரு ஊர், மறுபடியும் முதலிலிருந்து. திரும்பும்போது பஸ்ஸில் எனக்குப் பேசத் தெம்பில்லை. மச்சான்தான் வாயைத் திறந்தார்.

"இதுவரைக்கும் யாருமே தெரியாதுன்னு சொல்லலை மச்சான். இந்தம்மா சொல்ற ஆளுகிட்ட போலாம்."

விபத்துக்குப் பிறகு அவராக ஓர் இடத்துக்குப் போகலாம் என்றது இன்றுதான்.