எட்டாவது வடை

சின்ன காஞ்சிபுரம்
14-11-2003

என் பிரியமான ஹனீஃபா பாய்க்கு, கலியன் சொல்லச் சொல்ல வடிவு எழுதும் கடிதம். இங்கே நான் சுகம். நீயும் தேறிக்கினு வருகிறாய் என்று பேத்தி சாய்மா எழுதியது இன்று காலை வந்து சேர்ந்தது. அதனால் எல்லாரும் போடுகிற ‘நலமறிய ஆவல்’ இந்தக் கடிதத்தில் கிடையாது. அறிந்தாயிற்று.

யேசுதாஸ் டீக்கடையில் வைத்துத்தான் வடிவு அதைப் படித்தாள். நீ பேசினாய் என்கிற வரி வந்ததும் யேசுதாஸ் அடுப்பை மறந்துவிட்டான். பால் பொங்கி வழிந்து போச்சு. இன்னொரு தரம் படிமா, இன்னொரு தரம் படிமா என்று நாலு தடவை படிக்க வைத்தான். நான் டீயை ஆற்றிக்கினு இருந்தேன். என்ன மாமா, உனக்குச் சந்தோஷம் இல்லையா என்று வடிவு கேட்டாள். டீயில சர்க்கரை கம்மி என்றேன்.

பாய், இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆவணியில் நான் வாணியம்பாடியில் உன் மகள் வீட்டுக்கு வந்து உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேனே, உனக்கு ஞாபகம் இருக்காது. அப்போது பக்கவாதம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாய். உம்முசல்மா, வாப்பா, கலியன் மாமா வந்திருக்காங்க பாருங்க என்று மூணு தடவை சொன்னாள். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய். பேச்சு மெதுவா வரும், ஞாபகம் வருமான்னு சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். ஊர் வந்து சேரும்வரை ஒரே யோசனை. இனி நீ என்னை யார் என்று கேட்டால் என்ன சொல்லி அறிமுகம் செய்துகொள்வது என்று ஒன்றும் புரியவில்லை.

சாய்மா கண்ணு, தாத்தாவுக்குப் படித்துக் காட்டும்போது இங்கே கொஞ்சம் நிறுத்தி, இதை நீயும் தெரிந்துகொள். தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூலான பாவு ஒன்று முடிந்தால், பழைய பாவின் இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. அதுதான் என் வேலை. கைக்கு ஓய்வு இராது, காது சும்மா கிடக்கும். ஒரு நாள் வடிவு வீட்டில் நான் பிணைத்துக்கினு இருந்தபோது உங்கள் தாத்தா மழைக்கு ஒதுங்கினார். அவர் பைண்டிங் கடைக்குத் தைக்க வந்த புத்தகம் பையில் இருந்தது. பொழுது போகப் படித்தார். ‘குறட்டைக் கட்டில்’ முதல் பாகம். கொட்டாவி ராஜா குறட்டை விட்டால்தான் கட்டில் பறக்கும், விழித்தால் விழும். அதனால் பட்டணமே அண்ணாந்து பார்த்துத் தாலாட்டுப் பாடும். இருட்டுக்குப் பயந்து அரிக்கேன் விளக்கோடு அலைகிற பூதம் வந்த இடத்தில் நான் சிரித்ததில் ஏழெட்டு இழை அறுந்தது. அதிலிருந்து அந்த வீட்டில் பாவு பிணைக்கிற நாளெல்லாம் அவர் வருவார். யேசுதாஸ் கடையைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு வருவான். பன்னிரண்டு பாகமும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இருபத்தேழு வருஷம்.

பாய், நீ படுத்த பிறகு உன் மகன் அயாஸ் கடையைத் திறந்து அந்தப் பன்னிரண்டையும் எடுத்துக் கொடுத்தான். வடிவு படிக்க, நான் பிணைத்தேன். நாலு பாகம் ஒழுங்காகப் போச்சு. ஐந்தாவதில் வாசல்காரன் மறவாதான் வரவேண்டிய இடம் வந்தது. எனக்கு எல்லாரையும்விட அவனைத்தான் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். எழுத்து தெரியாதவன், ஒரு தரம் காதில் விழுந்ததை விடாதவன். தும்மின தும்மலில் பெயர் விழுந்து தொலைந்துபோன பூதம், என் பேர் இன்னாபா என்று அவனிடம்தான் வந்து அழும். ஒவ்வொரு வடையாக வாங்கித் தின்றுவிட்டு, உன் பேரை வந்தவுடனே சொல்லிட்டேன், நீதான் வடையையே பாத்துக்கினு இருந்தே என்பான்.

வடிவு படித்ததில் அவன் வரவே இல்லை. பூதம் தும்மியது, அடுத்த வரியில் ராஜா கட்டிலிலிருந்து விழுந்தான். பக்கத்தைத் தாண்டாதே, அடுப்பு வேலை இருந்தா சொல்லிட்டுப் போ என்று கத்திவிட்டேன். இருக்கிறதைத்தான் மாமா படிக்க முடியும், வேற பாகத்துல வருதோ என்னமோ என்றாள். பன்னிரண்டையும் புரட்டினாள். இல்லை. யேசுதாஸைக் கூப்பிட்டேன். அவன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, மறவாதானும் இல்ல, வடையும் இல்ல, வடை சுட்ட புகைகூட இல்ல என்றான். ரெண்டு பேரும் சேர்ந்து எழுத்து தெரியாதவனை ஏய்க்கிறீங்களா என்று எழுந்து வந்துவிட்டேன். நாலு நாள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

(பெரிய வார்த்தைதான் சொன்னார். இப்போது அவரே எழுதச் சொல்கிறார் என்பதால் எழுதுகிறேன். – வடிவு)

ஐந்தாம் நாள் பாதியில் விட்ட பாவு கூப்பிட்டது. வேலையை விடக் கூடாதே என்று போய் உட்கார்ந்தேன். வடிவு ஆறாம் பாகத்தை எடுத்துப் படித்தாள். மத்தியானச் சோற்றுக்கு முன்பே புத்தகம் முடிந்துவிட்டது. என் கையில் இன்னும் ஆயிரம் இழைக்கு மேல் பாக்கி. அப்போதுதான் பொறி தட்டியது. நீ படித்த இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது கதை முன்னே முடிந்து பாவு பின்னே நின்றது உண்டா? கடைசி இழையும் கடைசி வரியும் சேர்ந்துதான் முடியும். பக்கத்துக்குப் பக்கம் நீ தலையைத் தூக்கி என் விரலைப் பார்ப்பாய். நான் சிரிக்கிறேனா என்று பார்க்கிறாய் என்று இருந்தேன். எத்தனை இழை பாக்கி என்று பார்த்து, அதற்குத் தக்கபடி கதையை நீட்டியிருக்கிறாய், திருட்டுப் பாய்!

பூதம் வரதர் கோயிலில் இட்லிக்கு வரிசையில் நின்று, அடுத்தவன் தொன்னையைத் தின்றது உன்னுடையது. மந்திரியின் தாடி கோபித்துக்கொண்டு நம்ம பக்கத்து முசரவாக்கத்துக்கு நடந்துபோனது உன்னுடையது. புத்தகக்காரனுக்கு முசரவாக்கம் எப்படித் தெரியும் என்று நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை பார். மறவாதானும் உன்னுடையவன்தான். அவன் யாருன்னு தெரியுதா மாமா என்று வடிவு கேட்டாள். சாம்பல் கொண்டா என்றேன். கிண்ணத்தில் சாம்பல் நிறைய இருந்தது.

புத்தகத்தில் இருப்பதை யார் வேண்டுமானாலும் படிப்பார்கள். புத்தகத்தில் இல்லாதது என்னிடம்தான் இருந்தது. மறுநாளே வடிவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். நாற்பது பக்க நோட்டு இரண்டு நிறைந்தது. உன் வார்த்தை ஒன்றை மாற்றவில்லை. நீ எங்கே இருமினாய் என்றுகூடச் சொன்னேன், அதை எழுத மாட்டேன் என்றுவிட்டாள். அயாஸ் கொண்டுவந்து கொடுத்த நோட்டு அதுதான்.

சாய்மா எழுதியிருந்ததை இப்போது மனப்பாடமாகச் சொல்வேன். நோட்டைப் படிக்க ஆரம்பித்த நாலாம் நாள். மறவாதான் ஏழு வடை தின்ற இடம். உன் இடது கை போர்வையைத் தட்டியது. தண்ணிக்கு என்று நினைத்து உம்முசல்மா டம்ளர் கொண்டுவந்தாள். நீ அதைத் தள்ளிவிட்டு ‘எட்டு’ என்றாய். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, ‘கலியன் தப்பு’ என்றாய்.

மூணு மாசம் கழித்து வாய் திறந்தவன் முதலில் என் பெயரைச் சொல்லித் திட்டினான் என்று இந்தத் தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கினு திரிகிறேன்.

ஆனால் பாய், ஏழுதான். வடிவின் மூத்த பெண் பிறந்த வருஷம், தவிட்டுப் பச்சைப் பாவு, நீ கருப்புக் குடை கொண்டுவந்து மூலையில் சாத்திய நாள். ஏழு என்றாய். அப்புறம் ஆறு தடவை சொன்னாய், ஆறிலும் ஏழு. என் ஞாபகம் பிசகியது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. நீதான் முதல் ஆள்.

இருந்தாலும் எங்களிடம் உள்ள நகலில் வடிவைக் கொண்டு எட்டு என்று திருத்திவிட்டேன். திருத்தின பிறகுதான் சிக்கல். எட்டாவது வடையை அவன் தின்றானா, பூதத்துக்கே திருப்பிக் கொடுத்தானா? எனக்குத் தெரியாது. நீ சொல்லாததை நான் எங்கிருந்து ஞாபகம் வைத்துக்கொள்வது?

நோன்பு வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதற்கு நீ முறைக்கிறாயாம். முறைக்காதே, மருந்தைச் சாப்பிடு. பெருநாளுக்குள் நீ எழுந்து உட்காரவேண்டும் என்று வரதரிடம் சொல்லியிருக்கிறேன். யேசுதாஸும் அவன் பங்குக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறான். தை மாதம் வடிவு வீட்டில் புதுப் பாவு. மெதுவாகவே பேசு, நானும் இப்போது மெதுவாகத்தான் பிணைக்கிறேன். வந்து அந்த எட்டாவதைச் சொல்.

இப்படிக்கு,
தப்பாகச் சொன்ன கலியன்
(இடது கைப் பெருவிரல் ரேகை. சாம்பல் கறை, துடைக்காதே.)