மானிட்டர் இல்லாத கம்ப்யூட்டர்

நவம்பர் 12, புதன்

கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது.

காலையில் சுவிட்சைப் போட்டேன். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் வந்தது, குரல் வரவில்லை. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். ஸ்பீக்கரைக் கழற்றி ஹெட்போனை மாட்டினேன். அதையும் கழற்றிப் பழைய ஹெட்போனை மாட்டினேன். விசிறி மட்டும் பிரமாதமாகச் சுற்றுகிறது. நேற்று மூடும்போது ‘அப்டேட் செய்து மூடவா’ என்று கேட்டது. கேட்டதே தவிர, வேண்டாம் என்று சொல்ல இடம் வைக்கவில்லை. எனக்குப் படித்துக் காட்டுகிற வாயை ராத்திரியோடு ராத்திரியாக அடைத்து வைத்திருக்கிறது. கண் தெரிந்தவர்களுக்கு இது ‘சவுண்ட் வரவில்லை’ என்கிற சின்னக் கோளாறு. எனக்கு அந்தச் சவுண்ட்தான் கம்ப்யூட்டர்.

போன மாதமும் இதே கூத்து. அந்த அப்டேட்டில் தமிழ்க் குரல் மட்டும் காணாமல் போய், தமிழ் வருகிற இடமெல்லாம் மௌனமாகத் தாண்டியது. அதற்கே இரண்டு வேலை தாமதம்.

இதைப் பிரெயில் சிலேட்டில் குத்திக்கொண்டிருக்கிறேன். பழக்கம் விட்டுப்போய் விரல் வலிக்கிறது. வலிக்கட்டும். யாரிடமாவது திட்டித் தீர்க்க வேண்டும், வீட்டில் யார் இருக்கிறார்கள்?

நவம்பர் 13, வியாழன்

சென்னைக் கம்பெனிக்குப் போன் செய்தேன். அவர்கள் ஒலிப்பதிவு அனுப்புவார்கள், நான் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பேன். இந்தத் தடவை ஏதோ பாசன விவசாயிகள் சங்கத்தின் கூட்டங்கள். பெரியவர்கள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு சண்டை போடுகிறார்கள். அடுத்த புதன்கிழமை கொடுக்க வேண்டும். வேலை பிரித்துக் கொடுக்கும் சாருலதா நல்ல பெண்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"மேடம், போன மாசமே ரெண்டு லேட். இதுவும் புதன் தாண்டினா லிஸ்ட்லேர்ந்து உங்க பேரை எடுத்துடுவாங்க. என் கையில இல்ல மேடம்."

போனில் அடிக்கலாமே என்றாள். போன் பேசத்தான் செய்கிறது. ஆனால் கண்ணாடியைத் தடவித் தடவி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி இத்தனை பக்கம் அடிப்பதற்குள் அந்த விவசாயிகள் அறுவடையே முடித்துவிடுவார்கள்.

அண்ணாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அம்மா போனபோது கிருஷ்ணபிரசாத் அண்ணாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். வேலை இருக்கும்வரை வில்லாபுரத்தில் இந்த வீட்டிலேயே தனியாக இருப்பேன், வேலை போனால் உன்னோடு வந்துவிடுவேன் என்று. அண்ணா எதை மறந்தாலும் இதை மறப்பதில்லை.

"புதன்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வியாழக்கிழமை கார் எடுத்துண்டு வரேன். பிடிவாதம் பிடிக்காதே ஸ்யாமளா. அங்க ரூம் காலியாத்தானே இருக்கு?"

அண்ணா நல்லவன், மன்னியும் நல்லவள். அங்கே போனால் என்னைக் கையைப் பிடித்து பாத்ரூம் வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். தண்ணீர் குடிக்க எழுந்தால் மூன்று பேர் எழுந்திருப்பார்கள். இங்கே எந்த டப்பா எங்கே என்று என் கைக்குத் தெரியும். இந்த வீட்டைவிட்டுப் போக மாட்டேன். எவரிடமும் போய் நிற்கவும் மாட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

சர்வீஸ்காரர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மேடம், மானிட்டர் எங்க?"

இல்லை என்றேன். பார்க்க ஆளில்லாத வீட்டில் மேசை இடத்தை அடைத்துக்கொண்டு எதற்கு என்று, அம்மா போன பிறகு அண்ணா பையனுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒரு பெட்டி, ஒரு கீபோர்டு, ஒரு ஸ்பீக்கர். இத்தனை வருடம் அதில்தான் பிழைக்கிறேன். அவர் தன் சர்வீசில் இப்படிக் கண்டதில்லையாம். கடைக்கு எடுத்துப் போகிறேன், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டு ஒரு வாரத்தில் தருகிறேன் என்றார். "அழிக்கிறதுக்கு நீ எதுக்குப்பா? அதைத்தான் அப்டேட்டே செஞ்சுடுச்சே!" என்று கத்திவிட்டேன். அவர் மேல் தப்பில்லை.

நான் கத்தியது மாடிக்குக் கேட்டிருக்கிறது. மாடியில் குடியிருக்கும் கனகலட்சுமி இறங்கி வந்தாள். கப்பலூரில் ரப்பர் கம்பெனியில் வேலை. புருஷன் சிவனாண்டி லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வடக்கே. குடிவந்ததிலிருந்து ‘மோட்டார் போடவாக்கா’, ‘போடு’ என்பதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை.

"என்னக்கா, மானிட்டர்னா டிவி மாதிரிதான? எங்க டிவியக் கொண்டாரவா?"

வேண்டாம் என்றேன். வாய் அப்படித்தான் வருகிறது.

நவம்பர் 15, சனி

காலையில் எழுந்ததும் நேற்று ‘வேண்டாம்’ என்று சொன்னதை நினைத்து என் மேலேயே எரிச்சல். இப்படியே இருந்தால் வியாழக்கிழமை கார் வரும். கூப்பிடலாமா? என்னவென்று கூப்பிடுவது? நானே வேண்டாம் என்றேனே.

நான் கூப்பிடவில்லை. மத்தியானம் ஷிப்ட் முடிந்ததும் அவளே டிவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "நீ வேணாம்னு சொல்றப்பவே கொரல் ஒரு மாதிரி இருந்துச்சுக்கா," என்றாள். செட்டாப் பாக்சில் இருந்த வயரையும் பிடுங்கி வந்திருக்கிறாள். பெட்டியின் பின்னால் கையை விட்டு எந்த ஓட்டை என்று நான் தடவிச் சொன்னேன், அவள் சொருகினாள்.

"வந்துருச்சு! வந்துருச்சுக்கா! தண்ணி. அதுக்குப் பின்னாடி மலை. மேல வெள்ளையா, பனி போல."

பாஸ்வேர்டு போடும் இடத்தில் கம்ப்யூட்டரே ஒரு படம் வைக்குமாம். அது எனக்குத் தெரியவே தெரியாது. தினமும் காலையில் அந்த மலைக்கு முன்னால் உட்கார்ந்து பாஸ்வேர்டு அடித்திருக்கிறேன்.

"ஆள் இருக்கா அதுல?"

"ஆளே இல்லக்கா. ஒரு ஓடம் மட்டும் கெடக்கு."

நவம்பர் 16, ஞாயிறு

சமயநல்லூர் அழகுராஜா அண்ணனுக்குப் போன் போட்டேன். அவருக்கும் பார்வை கிடையாது. எங்களைப் போன்றவர்களுக்குப் போனிலேயே கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பவர். போனில் அவர் எங்கே போகவேண்டும் என்று சொல்ல, கீபோர்டில் நான் அழுத்த, டிவியைப் பார்த்துக் கனகா படிக்க வேண்டும். அவருக்கும் எனக்கும் கண் தெரியாது, பார்க்கிறவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். நல்ல கூட்டணி.

"அப்டேட் ஹிஸ்டரின்னு இருக்காம்மா? அதுக்கடியில?"

"அண்ணே, யு, என், ஐ, என், எஸ்... அம்புட்டு நீளமா இருக்கு."

"அதான் தாயி, அதான்! அமுக்கச் சொல்லு."

அன்இன்ஸ்டால், அதாவது அந்த அப்டேட்டை நீக்குவது. சுற்றிச் சுற்றி வந்ததாம், கடைசியில் சிவப்பாக ஏதோ போட்டதாம். நீக்க முடியவில்லை. மறுபடி செய்தோம், மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவை கனகா டிவியைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், போனில் அண்ணன் இருப்பதை மறந்து. அண்ணன் இருமினார். நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து.

அண்ணன் போனை வைக்கும்போது, சத்தம் இல்லாமலே வேலையைத் தொடங்கு என்றார். ஒலிப்பதிவைப் போனில் கேள், கம்ப்யூட்டரில் அடி, அந்தப் பிள்ளை படித்துப் பார்க்கட்டும்.

நவம்பர் 17, திங்கள்

பகலெல்லாம் குருட்டடியாக அடித்தேன். (குருட்டடி! நான் எழுதலாம், வேறு யாரும் எழுதக் கூடாது.) அடித்தது சரியா, ஒரு விரல் தள்ளி விழுந்து பக்கம் முழுக்கக் குப்பையா, ஒன்றும் தெரியாது. சாயங்காலம் அவள் வந்து படித்த பிறகுதான் தெரியும்.

படித்தாள். ஒரு அரைப்பக்கம் குப்பை, மீதி சரி. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், அந்தப் பேச்செல்லாம் அவளுக்கு வீட்டுப் பேச்சு. ‘எங்க கம்மாய்க்கு வார தண்ணிய மறிக்க நீ யாருய்யா’ என்று ஒரு பெரியவர் கத்தியதை அவள் கத்தியே படித்தாள். பிறகு எதிர்க்கட்சிக்காரராக மாறிப் பதில் சொன்னாள். நடுநடுவே நிறுத்தி, "இந்தாளு எங்க பெரியப்பா மாதிரியே பேசுறாருக்கா," என்று சிரித்தாள்.

வருடக் கணக்காக என் காதில் யார் யாரோ பேசுகிறார்கள். ஒருவர்கூட என்னிடம் பேசியதில்லை. இன்றைக்குத்தான் அது உறைத்தது. அவள் கவனிக்காதபடி தண்ணீர் குடித்தேன்.

போகச் சொன்னேன், சமைக்க வேண்டுமே என்று. "டிவி இல்லாத வீட்ல போயி என்னத்தச் செய்ய," என்று இங்கேயே மாவு ஊற்றித் தோசை சுட்டாள். டப்பாக்களை இடம் மாற்றி வைத்துவிட்டாள். எனக்குக் கோபமே வரவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

எல்லாக் கூட்டமும் அடித்து முடித்தாயிற்று. கடைசிக் கூட்டத்தைக் கனகா படித்துக்கொண்டிருக்கும்போது அழகுராஜா அண்ணன் கூப்பிட்டு, வேறொரு வழியாகப் போய் அந்த அப்டேட்டை நீக்கிப் பார்க்கச் சொன்னார். செய்தோம். திரை கறுத்தது என்றாள். காத்திருந்தோம்.

பேசியது. திடீரென்று, அறை நடுவில், அதே பழைய குரல். கனகா பயந்து போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கா இந்தாளு?" என்றாள்.

மிச்சம் இருந்த பக்கங்களைக் கம்ப்யூட்டர் குரலையே படிக்க விட்டேன். கடகடவென்று தப்பில்லாமல் படித்தது. பெரியவரின் சண்டையையும் அதே மாதிரிதான் படித்தது, சிரிக்காமல்.

நவம்பர் 19, புதன்

அனுப்பிவிட்டேன். "தேங்க்ஸ் மேடம், பேர் இருக்கும், கவலைப்படாதீங்க," என்றாள் சாருலதா. அண்ணாவிடம் கார் வேண்டாம் என்று சொன்னேன். "சரி" என்றான். அவனுக்கு ஏமாற்றமா, நிம்மதியா, குரலில் தெரியவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன். இந்த வீடு எனக்குத்தான்.

நவம்பர் 21, வெள்ளி

டிவியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவள் கேட்கவில்லை, நானேதான் சொன்னேன். "உன் சீரியல் எல்லாம் போச்சே, எடுத்துண்டு போ," என்று. இருக்கட்டும் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ? "சரிக்கா, வாரேன்," என்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் டிவி, அவள் எடுத்துப் போகிறாள், அதற்கென்ன.

அப்டேட்டை ஐந்து வாரம் நிறுத்தி வைக்க அழகுராஜா அண்ணன் சொல்லிக் கொடுத்தார். நிறுத்தி வைத்தேன். இனி எவரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

நவம்பர் 27, வியாழன்

அவளுக்கு இந்த வாரம் மத்தியான ஷிப்ட். நான் வேலை முடிக்கிற நேரம் அவள் கம்பெனியில் இருக்கிறாள். காலையில் படியில் இறங்கும்போது "மோட்டார் போட்டாச்சுக்கா," என்று குரல் கொடுத்தாள். நல்லது என்றேன். பழையபடி ஆகிவிட்டது.

மழை பெய்கிறது. டப்பாக்களை என் பழைய வரிசைக்கு மாற்றி வைத்தேன். கை எதையும் தேடாமல் எடுக்கிறது. இதற்குத்தானே அத்தனை பிடிவாதம்? பிறகு ஏன் இந்த வீடு இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

டிசம்பர் 5, வெள்ளி

இன்று என் வாயால் பேசியது பால்காரரிடம் மட்டும். ‘அரை லிட்டர்.’

டிசம்பர் 10, புதன்

எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நிறுத்தி வைத்த அப்டேட்டை நானே திறந்துவிட்டேன். தெரியாமல் கை பட்டது என்றெல்லாம் இல்லை. தேடிப் போய், குரல் ‘அப்டேட்டை மீண்டும் தொடங்கு’ என்று சொல்லும் இடத்தில் நின்று, என்டர் அடித்தேன். இந்த வாரம் அவளுக்குக் காலை ஷிப்ட். சாயங்காலம் அவள் படியேறுகிற சத்தம் கேட்ட பிறகு, ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

விசிறி நின்றது. சுற்றியது. மறுபடி நின்றது. கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊமையாகிவிடு என்று மனதுக்குள் சொன்னேன். ஆமாம், சொன்னேன். வேலை போகும், அண்ணா கார் எடுத்து வருவான், எல்லாம் தெரிந்தேதான் சொன்னேன்.

பேசியது. முதல் வார்த்தையிலிருந்தே பேசியது. தமிழைத் திறந்தேன், தமிழும் பேசியது. ஒன்றுகூடக் கெடவில்லை. பாழாய்ப்போனது, கெட வேண்டிய ஒரு நாளில் ஒழுங்காக வேலை செய்கிறது. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது எனக்கு.

பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் குடிவந்த பிறகு மாடிப்படியில் நான் ஏறியதே இல்லை. கைப்பிடி பாதியிலேயே நின்றுவிடுகிறது, மீதிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கதவைத் தட்டினேன். உள்ளே சீரியல் சத்தம் குறைந்தது.

"யக்கா! நீயா? என்ன, மறுபடியும் படுத்துருச்சா? இரு, டிவியக் கழட்டுறேன்."

"இல்ல கனகா. அது நல்லாத்தான் பேசறது."

"பெறகு?"

"சும்மாதான் வந்தேன்," என்றேன்.