எழுபத்தொன்பதாம் காலத்து ஓட்டை

இறந்துபோனவர்களுக்கு எழுதுவது சரிதானா என்று தெரியவில்லை. நீ இருந்தபோது நேரில் கேட்கத் துணியாதவள் இப்போது எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

இன்று காலை நம் பஞ்ச் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவை நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும், அட்டையில் துளை போடும்போது உதிருமே, அந்தக் காகிதப் பொடியும் கிடந்தன. பெருக்க வந்த அம்மாள், "என்ன தாயி, நொய்யரிசி கொட்டுன மாதிரி கெடக்கு" என்றாள். சூடான எண்ணெயும் உப்புக்காற்றும் கலந்த அந்த வாசனை இன்னும் போகவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து நீ, "ஏளா பி.எஸ்ஸி., வெரலு தூங்குதா?" என்று கேட்பதுபோல் இருந்தது. எங்கள் வீட்டில் முதல் பட்டம் நான் வாங்கியது என்பதை நானே மறந்தாலும் நீ மறக்கவிட்டதில்லை.

கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் நம் கம்பெனியில் தொழிலாளிக்கு ஓர் அட்டை. அட்டைக்கு எண்பது நெடுவரிசை; நாம் அதைக் 'காலம்' என்போம். "மனுசனுக்கும் அம்புட்டுத்தாம்ளா, எம்பது காலம்" என்று சிரிப்பாய். எந்தக் காலத்துத் துளைக்கு என்ன அர்த்தம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த முறையை வகுத்த சூப்பர்வைசர் இறந்துபோயிருந்தார். அந்த நேரத்தில்தான் அட்டைகளை எல்லாம் கம்ப்யூட்டர் டேப்பில் ஏற்ற மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். புதுத் துறைமுகத்தின் நிரந்தர வேலைக்கான பட்டியலை அந்த டேப்பிலிருந்துதான் எடுப்பார்கள் என்றார்கள். இடைவெளி இல்லாமல் வேலை பார்த்தவனுக்கே அதில் இடம்.

வருகைப் பதிவேட்டோடு அட்டைகளை ஒப்பிட்டு, காலம் காலமாக நாம் அர்த்தம் கண்டுபிடித்தோம். பெயர், எந்தக் குழுவில் வேலை என்கிற கேங், சேர்ந்த வருடம் எல்லாம் பிடிபட்டன. எழுபத்தொன்பது மட்டும் மசியவில்லை. சில அட்டைகளில் அங்கே ஒரே ஒரு துளை, மற்றவற்றில் ஒன்றுமில்லை. அதிகாரி அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு நம்மைப் பார்ப்பார்.

சாப்பாட்டு நேரத்தில் நீ என் காதோரம் சொன்னாய்: "அது சங்கு குளிக்கப் போறவுகளுக்கு உள்ள ஓட்டைளா. சீசனுக்குக் கடலுக்குப் போயிட்டு வந்தாலும் வேல அவுகளுக்கு இருக்கும். பழைய தொர வாயால சொன்ன ஏற்பாடு, பேப்பர் கெடையாது. இதச் சொன்னா, யாரக் கேட்டுப் போனாம்பான் அந்த மெட்ராஸ்காரன். சொல்லாட்டா, அர்த்தமில்லாத காலம்னு டேப்புல ஏத்தாம விட்டுருவான். எப்படியும் நம்ம ஆளுகளுக்குத்தான் வேல போவும்."

'நம்ம ஆளுக' என்ற சொல் என் காதிலேயே நின்றது. நீ எழுந்து போனதும், நம் கம்பெனியிலேயே சரக்கு ஏற்றிய உன் அண்ணனுடைய அட்டையைத் தேடி எடுத்தேன். எழுபத்தொன்பதில் துளை இருந்தது. மாதாமாதம் மெஷினில் ஓடுகிற அட்டையில் துளையின் விளிம்பு கறுத்துப்போகும். அவருடைய மற்றத் துளைகள் எல்லாம் கறுத்திருந்தன. இது ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தது. இருக்கிற துளையை மூடுவதுதான் கஷ்டம். வேலைக்கு வராத நாட்களைச் சீசனுக்குப் போனதாகக் காட்டப் புதிதாக ஒன்றைப் போட உன் விரலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வருடம்தான் அவர் முதன்முதலாகச் சங்கு குளிக்கப் போனார் என்றும் இருக்கலாம். இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அதிகாரி என்னைத் தனியாக அழைத்துக் காப்பி வரவழைத்தார். "நீ கிராஜுவேட். இந்தக் கடற்கரை ஆளுங்க மாதிரி இல்ல. உண்மையைச் சொல்லும்மா, எழுபத்தொன்பது என்ன?"

அந்தப் பாராட்டு தூண்டிலில் குத்திய இறால்போல் இருந்தது.

"சீசன் லீவு, சார். கம்பெனி ஒத்துக்கிட்டது."

"எல்லாமே பழைய ஓட்டையா?"

"நான் சேர்ந்தப்பவே அந்தக் காலம் இருந்துச்சு, சார்."

அவர் கேட்டதற்கு அது பதிலில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே 'சீசன் லீவு' என்று எழுதிக்கொண்டார்.

வெளியே நீ நின்றாய். "என்னளா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாததுக்கா இம்புட்டு நேரம்? ஊமைக்குக் காப்பி வேற வாங்கிக் குடுத்தானாக்கும்!"

பட்டியல் ஒட்டும்வரை நீ என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. அதில் உன் அண்ணன் பெயரைப் பார்த்ததும் அழுதாய். அழுது முடித்து என்னைப் பார்த்தாய். அது நன்றியா, இவளுக்கு எவ்வளவு தெரியும் என்ற யோசனையா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு கல்யாணமாகிப் போனாய். பிரசவத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் உன் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். "ஒங்களப் பத்தித் தங்கச்சி சொல்லுவா. அவ கல்லு, உள்ள போனது வெளிய வராதும்பா." அதை மெச்சிச் சொன்னாயா, பயந்து சொன்னாயா? உன் மகள் அவர் வீட்டில்தான் வளர்கிறாள். அவரைத்தான் அப்பா என்கிறாள்.

நீ போன பிறகும் சந்தேகம் என்னை விடவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் துளைத்துத் தரும் டிக்கெட்டின் விளிம்பைக்கூடப் பார்க்கிறேன். யாராவது புகழ்ந்தால், இவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கிறேன்.

பழைய அட்டைகளைக் காகித ஆலைக்கு அனுப்பும் முன் டேப்போடு ஒருமுறை சரிபார்க்க, நாளை அதே அதிகாரி வருகிறார். எழுபத்தொன்பதைக் காட்டி, கடலுக்கே போகாதவன் எவனாவது வேலை வாங்கியிருக்கிறானா என்று விசாரிக்கப் போகிறாராம். அப்படி ஒருவன் அகப்பட்டால் வேலை போய்விடும். டேப் தயாராகும்வரை அட்டைகள் மெஷினில் ஓடிக்கொண்டே இருந்ததில், உன் அண்ணனுடைய அந்தத் துளையும் மற்றவைபோல் கறுத்துவிட்டது. அட்டையைப் பார்த்து இனி யாரும் எதுவும் சொல்ல முடியாது. கேட்பதற்கு அங்கே மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். எனக்குப் பொய் வராது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மட்டும் வரும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். இத்தனை நாளும் உன்னிடம் கேட்க நினைத்ததை நான் கேட்கமாட்டேன். நீயும் சொல்லாதே. நாளை அவர் போகும்வரைக்குமாவது என் கனவில்கூட வராதே.