நல்ல நாளில் அமுக்கிய ‘சரி’

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முதல் போணியே ஒரு அறிவாளி. “உள்ள என்ன இருந்தாலும் சரிம்மா, கலர் கலரா லைட்டு எரியணும்” என்றார். கம்ப்யூட்டர் வாங்க வந்தாரா, பிள்ளையார் சதுர்த்திப் பந்தலுக்கு சீரியல் செட் எடுக்க வந்தாரா தெரியவில்லை. போட்டுத் தருகிறேன் என்றேன். எரியட்டும்.

அடுத்து சங்கரலிங்கம் அண்ணாச்சி. பஜாரில் ஸ்டுடியோ, கல்யாண வீடியோ, ஆல்பம். மதுரை ஸ்டுடியோக்களில் எல்லாம் மேக் கம்ப்யூட்டர் வந்துவிட்டதாம். இவருக்கும் மேக் வேண்டும், மேக்கின் விலை மட்டும் வேண்டாம். ஒளிக்காமல் சொன்னேன். “அண்ணாச்சி, நான் கட்டித் தாறது அந்தக் கம்பெனிப் பெட்டி இல்ல. அவுக சிஸ்டத்த, அவுக ஏத்துக்கிடாத பிராசஸர்ல ஓட வைப்பேன். நல்லா ஓடும். ஆனா அப்டேட் பண்ணவான்னு அது கேட்டா, என்னயக் கேக்காம யாரும் கை வைக்கக் கூடாது.”

எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினார். பிறகு கேட்டார்: “முன்னால அந்தக் கடிச்ச பழம் ஸ்டிக்கரு ஒட்டுவியா தாயி?”

ஆகஸ்ட் 20

அண்ணாச்சி ஆர்டரை அசோக்கிடம் சொன்னேன். என் கூடப் பிறந்த அண்ணன், இந்த மொபைல் கடையின் முதலாளி. என் மேசை அவன் கடையின் மூலையில் கிடக்கிறது, மேலே இருக்கிற ஃபேன்கூட அவன் பக்கம்தான் திரும்பும். “ஒரு பெட்டிய வச்சு என்ன பண்ணப் போற? கார்த்திகை பிறக்கட்டும் பாப்பா, அந்த மேசைய எடுத்துட்டு பேக் கவர் ஸ்டாண்டு போடுறேன். நீ கவுண்டர்ல நில்லு.”

செல்லுக்கு உறை மாட்டிவிட்டு ‘வேற கலரும் இருக்கு சார்’ என்று சொல்வதற்கா நான் இவ்வளவு காலம் போர்டும் ஸ்க்ரூவுமாய்க் கிடந்தேன்?

அண்ணாச்சி இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். முதல் பெட்டி நன்றாக ஓடினால் ஸ்டுடியோவுக்கு இன்னும் நாலு. நாலு வந்தால் மேசை நிற்கும். அவ்வளவுதான் கணக்கு.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. லைட்டுக்காரர் பெட்டியை வாங்கிப் போனார். சொன்ன மாதிரியே எரிகிறது.

அண்ணாச்சியின் பெட்டியும் எழுந்துவிட்டது. காலையெல்லாம் ஏறமாட்டேன் என்றது, செட்டிங் ஃபைலில் ஒரு வரியைத் தப்பாக எழுதியிருந்தேன், திருத்தியதும் கம்மென்று ஓடுகிறது. அந்தக் கம்பெனியின் பட்டியலில் இந்த பிராசஸர் பெயர் இல்லை, அது ஒன்றுதான் குறை. வேலையில் என்ன குறை? பட்டியல் எழுதினவன் இதைத் தொட்டாவது பார்த்திருப்பானா? எங்கள் வீட்டிலும் ஒரு பட்டியல் உண்டு, கடை யாருக்கு, கவுண்டர் யாருக்கு என்று. அதை எழுதினவர்களும் என் வேலையைப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

ஸ்டுடியோவில் கொண்டுபோய் வைத்தாகிவிட்டது. அண்ணாச்சி அதைத் தடவிப் பார்த்தார். அவர் மனைவி சண்முகவடிவு மதினி தடவவில்லை, உட்கார்ந்து ஒரு கல்யாணத்தை வெட்டி ஒட்டிப் பார்த்தார். ஆல்பமும் வீடியோவும் செய்வது முழுக்க மதினிதான். விசிட்டிங் கார்டில் மட்டும் அண்ணாச்சி படம். “நல்லா ஓடுது சுகப்பிரியா. பழசு மாதிரி மூச்சு வாங்கல” என்றார் மதினி.

நாலு பெட்டி என்ன ஆச்சு என்று கேட்டேன். அண்ணாச்சி: “நாளைக்குச் சொல்லுறேன் தாயி.”

இந்த பஜாரில் யாரும் ‘இல்லை’ என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் லட்சுமி இறங்கிப் போய்விடுவாளாம். ஃபிரேம் தீர்ந்துபோனால் ‘நாளைக்கு வரும்’. ஆல்பம் முடியவில்லையென்றால் ‘நாளைக்குத் தாறேன்’. ஒரு ஊர் முழுக்க ஒரே சொல்லை வைத்துக் கடை நடத்துகிறது.

செப்டம்பர் 16

அந்த சிஸ்டத்தின் புதுப் பதிப்பு வந்துவிட்டது. ஏறினால் என் பெட்டி படுத்துவிடும். பிராசஸரை ஏற்கச் செய்கிற என் ஒட்டு வேலை பழைய பதிப்புக்கு எழுதியது. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். “என்ன கேட்டாலும் ‘வேண்டாம்’ அமுக்குங்க.” “சரி தாயி, சரி.”

‘சரி’ இவர்கள் வாயில் எவ்வளவு மலிவு.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அசோக் டம்மி போன்களுக்கெல்லாம் சந்தனம் வைத்தான், உள்ளே ஒன்றுமே இல்லாத பிளாஸ்டிக் துண்டுகளுக்கு. என் ஸ்க்ரூ டிரைவரை நானே எடுத்துப் பொட்டு வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 2

பெட்டி செத்துவிட்டது.

அக்டோபர் 3, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை, அவ்வளவு கோபம்.

நேற்றுக் காலை போனில் அண்ணாச்சி கத்தினார். கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. “என்னத்தக் கட்டிக் குடுத்த? சாமி கும்பிட்ட அன்னைக்கே படுத்துருச்சு! நான் ஒண்ணுமே தொடல!” அசோக் டேப்பை எடுத்துவந்து என் மேசையை அளந்தான். நான் பார்க்கும்போதே அளந்தான். பாவி!

ஓடினேன். திரை கருப்பு, நடுவில் பழம், கொஞ்ச நேரத்தில் அணைந்து திரும்பவும் பழம். மௌஸைப் பார்த்தேன். நடுவில் அழகாகக் குங்குமப் பொட்டு. இடது பொத்தானில் மட்டும் சந்தனத்தோடு ஒரு பெருவிரல் ரேகை.

“யாரு அமுக்குனா?”

அண்ணாச்சி மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார். மதினிதான் சொன்னார். “சூடம் காட்டி முடிச்சதும் அது என்னமோ கேட்டுச்சு. நான் வேணாம் வேணாம்னேன். ‘நல்ல நாளும் அதுவுமா மிஷினே வாயத் தொறந்து கேக்குது, வேணாம்னு அமுக்கச் சொல்றியா’ன்னு இவுகதான் அமுக்குனாக.”

சிரிக்கவா அழவா? மெஷின் பசிக்குது என்று கேட்டதாக நினைத்தாரா? அடுத்த வருஷம் சுண்டலும் ஊட்டுவார்.

சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் பயமும் நிற்கவில்லை. மல்லாங்கிணற்றுக் கல்யாண வீடியோ பாதியில் நிற்கிறது. பொண்ணு மாப்பிள்ளைக்குத் தலைத் தீபாவளி. அன்றைக்கு மாமனார் வீட்டு டிவியில் போட்டே ஆக வேண்டும் என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருக்கிறார். டிஸ்க்கில் படம் பத்திரமாக இருக்கிறது. ஓட்டத்தான் பெட்டி இல்லை. இது எழாவிட்டால் ஊர் முழுக்க என் பெயர்தான் நாறும், அவருடைய பெருவிரல் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

அக்டோபர் 6, திங்கள்

எழுந்துவிட்டது! என்னைப் போலவே உலகத்தில் பல பேர் இதே வேலையாகத் திரிகிறார்கள். புதுப் பதிப்புக்கு அவர்கள் எழுதிய ஒட்டு வேலையை எடுத்து, என் போர்டுக்குத் தகுந்த மாதிரி திருத்தி, பென் டிரைவில் ஏற்றி எழுப்பினேன்.

ஆனால் சத்தம் வரவில்லை. புதுப் பதிப்பில் இந்த மாதிரி போர்டின் ஆடியோவுக்கு இருந்த வழியையே எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், மேளக்காரர் கன்னத்தை உப்பி ஊதுகிறார், ஒரு சத்தமும் கிடையாது. அண்ணாச்சி பின்னால் நின்று, “பரவாயில்ல தாயி, சினிமாப் பாட்டு போட்டுக்கிடலாம்” என்றார்.

அந்தப் பாட்டு மட்டும் எது வழியாகக் கேட்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன பயன்?

அக்டோபர் 7

யுஎஸ்பியில் செருகுகிற சின்ன சவுண்ட் கார்டு. அசோக் கடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. செருகினேன், கெட்டிமேளம் கேட்டது. மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாம்பிராணிப் புகை என்றார். பூஜை முடிந்து எத்தனை நாளாச்சு, என்ன புகை?

கிளம்பும்போது அண்ணாச்சி ஓரமாகக் கூப்பிட்டார். “இது மறுபடி கேட்டா என்ன தாயி செய்ய? வாயத் தொறந்து வேணாம்னு... கடைக்கு ஆகாதுல்ல.”

திட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் திரையின் மூலையில், அடுத்த குட்டி அப்டேட்டுக்காக, அதே கேள்வி எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொரு பொத்தான். இத்தனை நாள் எனக்கே உறைக்கவில்லை. ‘நாளைக்கு ஞாபகப்படுத்து.’

“அண்ணாச்சி, வேணாம்னு சொல்ல வேண்டாம். இதை அமுக்குங்க. ‘நாளைக்கு’ன்னு அர்த்தம்.”

“நாளைக்கா?” முகம் அப்படி மலர்ந்தது! “இத முன்னமே சொல்லியிருக்கலாமே!”

அக்டோபர் 22

தலைத் தீபாவளிக்கு வீடியோ போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணாச்சி தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக ‘நாளைக்கு’ அமுக்குகிறாராம். வட்டி கேட்டு வந்தவனை அனுப்பிவிட்ட திருப்தியோடு அமுக்குகிறார் என்கிறார் மதினி.

நாலு பெட்டி பற்றிக் கேட்டேன்.

“நாளைக்குச் சொல்லுறேன் தாயி.”

நானே என் வாயால் கற்றுக்கொடுத்தேன். எனக்கு நன்றாக வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

அசோக் பேக் கவர் ஸ்டாண்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். அடுத்த திங்கட்கிழமை கார்த்திகை ஒண்ணு.  டிராயரைக் காலி செய்யத் தொடங்கினேன். ஸ்க்ரூக்கள், வெப்பப் பசை, பழைய ராம்.  

நவம்பர் 14, வெள்ளி

மதினி கடைக்கு வந்தார். அண்ணாச்சி இல்லாமல் அவர் தனியாக பஜாரில் வந்து நான் பார்த்ததில்லை. அசோக் எழுந்து நின்று, “வாங்க, டெம்பர் கிளாஸா?” என்றான். மதினி அவனைத் தாண்டி என் மேசைக்கு வந்தார்.

“அவுகள நம்பி உக்காந்தா அவுக நாளைக்குன்னுதான் சொல்லுவாக. வேலை பாக்குறது நான். எனக்கு வேலை முடுக்குது. நாலு பெட்டி, இன்னைக்கே ஆரம்பி. ஸ்டிக்கரு கிஸ்டிக்கரு ஒண்ணும் வேண்டாம்.”

‘வேண்டாம்’. இந்த பஜாரில், கடைக்குள் நின்று, வாயைத் திறந்து, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக.  “சரி மதினி” என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 17, திங்கள், கார்த்திகை 1

பேக் கவர் ஸ்டாண்டு வந்து வாசலில் நிற்கிறது. என் மேசையில் நாலு கேபினெட், கீழே இரண்டு அட்டைப் பெட்டி, ஃபேனையும் என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

அசோக் ஸ்டாண்டைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான். “இத எப்பப் பாப்பா எடுப்ப?”

ஸ்க்ரூவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

“நாளைக்கு.”